வேலையும் விடுமுறையும்: இளைஞர் விசாக்களும் குடும்பச் சேமிப்பும்

வெளிநாட்டு விசா என்றவுடன் நம் குடும்பங்களில் நினைவுக்கு வருபவை மூன்று. படிக்கச் செல்வதற்கான விசா, வேலை ஆணை பெற்றுச் செல்வதற்கான விசா, உறவினரைக் காணவோ ஊர் சுற்றவோ செல்வதற்கான விசா. இம்மூன்றிலும் அடங்காத நான்காவது வகை ஒன்று, அண்மை ஆண்டுகளில் இந்திய இளைஞர்களுக்குத் திறந்திருக்கிறது. கையில் வேலை ஆணை இல்லாமலே ஒரு நாட்டுக்குச் சென்று, ஓராண்டோ இரண்டாண்டோ தங்கி, கிடைத்த வேலையைச் செய்து, அந்த வருவாயில் நாட்டைச் சுற்றிப் பார்த்துத் திரும்புவது என்பதே இதன் அமைப்பு. ஆஸ்திரேலியா இத்தகைய திட்டத்தை 1975 முதல் நடத்தி வருகிறது. ஐரோப்பிய, ஜப்பானிய இளைஞர்களுக்கு இது நெடுநாள் பழகிய வழி. நமக்குப் புதிது.

புதிது என்பதால் ஐயங்களும் மிகுதி. கிளைக்கு வரும் இளைஞர் இருப்புச் சான்றிதழ் கேட்கிறார், உடன் வரும் தந்தையோ, “எந்தக் கம்பெனி சார்? ஆர்டர் எங்கே?” என்று எங்களிடமே கேட்கிறார். ஆர்டர் என்று ஒன்று இந்த விசாவில் கிடையாது என்பதை விளக்குவதற்குள் வரிசையில் நிற்பவர்கள் பொறுமை இழந்துவிடுகின்றனர். ஆகவே, மாறியுள்ள விதிகளையும், அவற்றில் பணம் சார்ந்த பகுதிகளையும் இங்குச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இந்தியர்களுக்கு இன்று பயன்படும் திட்டங்களில் முதன்மையானவை இரண்டு.

முதலாவது பிரிட்டனுடையது. இந்தியாவும் பிரிட்டனும் 2021 மே மாதம் செய்துகொண்ட குடிபெயர்வு உடன்பாட்டின்படி, 2023 பிப்ரவரியில் இந்திய இளம் தொழில்முறையாளர் திட்டம் தொடங்கியது. ஆண்டுக்கு 3,000 இடங்கள். வயது 18 முதல் 30 வரை. இளங்கலைப் பட்டமேனும் பெற்றிருக்க வேண்டும். தங்கும் காலம் இரண்டாண்டு, நீட்டிப்பு இல்லை. வாழ்க்கைத் துணையையோ பிள்ளைகளையோ சார்ந்தோராக அழைத்துச் செல்லவும் இயலாது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, கனடா நாட்டு இளைஞர்களுக்குப் பிரிட்டன் வயது வரம்பை 35 ஆகவும் தங்கும் காலத்தை மூன்றாண்டுகள் வரையும் உயர்த்தியிருக்கிறது. இச்செய்தியைப் படித்துவிட்டு, 33 வயதில் ஆவலோடு வந்து கேட்போர் உண்டு. அந்த உயர்வு இந்தியர்களுக்குப் பொருந்தாது.

இரண்டாவது ஆஸ்திரேலியாவினுடையது. 2022 ஏப்ரலில் கையெழுத்தாகி அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வணிக உடன்பாட்டில், ஆண்டுக்கு 1,000 இந்தியருக்கு ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ விசா என்பது ஓர் உறுதிமொழி. அது 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. விசாக்களின் பட்டியலில் இதன் எண் 462. பதிவு செய்யும்போது 18 வயது நிறைந்தவராகவும் 31 நிறையாதவராகவும் இருத்தல் வேண்டும். பள்ளிக்கல்விக்குப் பின் குறைந்தது இரண்டாண்டுப் படிப்பை முடித்திருத்தல் வேண்டும். ஐஈஎல்டிஎஸ் தேர்வில் சராசரி 4.5 போன்ற அடிப்படை ஆங்கிலத் தகுதி வேண்டும். சார்ந்திருக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்ல முடியாது. நாட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து 12 மாதம் தங்கலாம். அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே சென்று திரும்பலாம். பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதங்களுக்கு மேல் வேலை செய்யலாகாது. நான்கு மாதங்கள் வரை படிக்கவும் செய்யலாம்.

ஓராண்டு முடிந்து மேலும் தங்க விரும்புவோர், குறிப்பிட்ட பகுதிகளில், வேளாண்மை போன்ற குறிப்பிட்ட தொழில்களில் மூன்று மாத வேலையை முடித்திருந்தால் இரண்டாம் ஆண்டுக்கும், அந்த இரண்டாம் ஆண்டில் ஆறு மாத வேலையை முடித்திருந்தால் மூன்றாம் ஆண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். சிட்னி நகர உணவகத்தில் பார்த்த வேலை இந்தக் கணக்கில் சேராது. வடபகுதித் தோட்டத்தில் மாம்பழம் பறித்தது சேரும்.

குலுக்கல்

இரு நாடுகளும் இந்தியர்களுக்கு விண்ணப்பத்தை நேரடியாக ஏற்பதில்லை. முதலில் குலுக்கல், அதில் பெயர் வந்தால் மட்டுமே விண்ணப்பம். பிரிட்டன் குலுக்கலில் பதிவு செய்யக் கட்டணமில்லை. பதிவு திறந்திருப்பதோ இரண்டே நாள். ஆஸ்திரேலியக் குலுக்கலுக்கு 25 ஆஸ்திரேலிய டாலர் கட்டணம். பெயர் வராவிட்டாலும் அது திரும்பி வராது. முதல் சுற்றுப் பதிவு 2024 அக்டோபர் 1 முதல் 31 வரை திறந்திருந்தது. முதல் இரண்டு வாரங்களிலேயே ஏறத்தாழ 40,000 பேர் பதிவு செய்துவிட்டதாக அந்நாட்டு அமைச்சரே தெரிவித்தார். அதன்படியே பார்த்தாலும் ஓர் இடத்துக்கு நாற்பது பேர். அடுத்த சுற்றுக்கான பதிவு 2025 ஜூன் மாதத்தில் நடைபெற்றது. எந்த மாதத்தில் பதிவு திறக்கும் என்பது ஆண்டுதோறும் ஒன்றுபோல் இராது. ஆகவே அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தைத் தாமே பார்த்துக்கொள்வது நலம்.

கணினி எந்த வரிசையுமின்றிப் பெயர்களை எடுக்கிறது. முதல் நாளில் பதிவு செய்தவருக்கும் கடைசி நாளில் பதிவு செய்தவருக்கும் வாய்ப்பு ஒன்றே. மதிப்பெண்ணோ, முன்னனுபவமோ, பரிந்துரையோ இங்குச் செல்லாது. “எங்கள் மூலம் பதிவு செய்தால் இடம் உறுதி” என்று ஒருவர் கூறுவாரானால் அவர் விற்பது ஒன்றுமில்லை. அவரால் செய்யக்கூடியது, நீங்களே கால் மணி நேரத்தில் நிரப்பக்கூடிய படிவத்தை நிரப்புவது மட்டுமே. அதற்கு ஏறத்தாழ 1,500 ரூபாய் அரசுக் கட்டணம் இருக்க, முன்பணமாக ஒரு லட்சம், பெயர் வந்தபின் இரண்டு லட்சம் என்று கேட்கும் முகவர்கள் இருக்கின்றனர். பெயர் தானாக வந்துவிட்டால் அதைத் தம் திறமை என்பர். வராவிட்டால் அடுத்த சுற்று என்பர். எப்படியும் அவர்களுக்கு நட்டமில்லை.

பான் அட்டையும் தலைப்பெழுத்தும்

ஆஸ்திரேலியக் குலுக்கலில் பதிவு செய்யக் கடவுச்சீட்டோடு ஒரு தேசிய அடையாள அட்டையும் வேண்டும். இந்தியர்களுக்கு அந்நாடு ஏற்றிருப்பது பான் அட்டை. ஆதார் அன்று. கல்லூரி முடித்து இன்னும் வருமான வரிக்குள் வராத பலரிடம் பான் இருப்பதில்லை. இருந்தாலும், சிறுவயதுச் சேமிப்புக் கணக்குக்காகத் தந்தை எடுத்துவைத்த பழைய அட்டையாக இருக்கும்.

இதில் தமிழ் வாடிக்கையாளர்களுக்கென்றே ஒரு தனி இடர் உண்டு. அது நம் தலைப்பெழுத்து. எடுத்துக்காட்டாக, முத்தையாவின் மகன் செல்வக்குமார் என்பவரை எண்ணிக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் அவர் ‘மு. செல்வக்குமார்’. பட்டச் சான்றிதழில் ‘செல்வக்குமார் மு.’. கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்து எழுத வேண்டும் என்பதால் பெயர் ‘செல்வக்குமார்’, குடும்பப்பெயர் ‘முத்தையா’. பான் அட்டையில் ‘முத்தையா செல்வக்குமார்’. வங்கிக் கணக்கில், பத்தாண்டுகளுக்கு முன் திறந்தபோது எழுத்தர் எழுதிக்கொண்டபடி ‘எம். செல்வகுமார்’, ஒற்று இல்லாமல். மும்பையிலோ தில்லியிலோ வளர்ந்தவராயின், தந்தை பெயரையே குடும்பப்பெயராக்கி அனைவரும் அவரை ‘முத்தையா’ என்றே அழைத்தும் எழுதியும் வந்திருப்பர். நமக்கு இந்த ஐவரும் ஒருவரே. அயல்நாட்டு அலுவலர் ஒருவர் தம் திரையில் காண்பது ஐந்து வெவ்வேறு பெயர்களை.

குலுக்கலில் பெயர் வந்தபின் இதைச் சரிசெய்யலாம் என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவில் தேர்வானோர் 28 நாள்களுக்குள் முழு விண்ணப்பத்தையும் அளித்தாக வேண்டும். அந்நாள்களுக்குள் பான் திருத்தம், வங்கிக் கணக்குத் திருத்தம், ஆங்கிலத் தேர்வு, பல்கலைக்கழகச் சான்று ஆகிய அனைத்தையும் முடிப்பது அரிது. கடவுச்சீட்டில் உள்ள பெயரை அளவுகோலாகக் கொண்டு, பானையும் வங்கிக் கணக்கையும் அதற்கேற்ப இப்போதே திருத்திக்கொள்வது நன்று. வங்கிக் கணக்கில் பெயர்த்திருத்தத்துக்கு அடையாள ஆவணத்தின் நகலோடு ஓர் எழுத்து விண்ணப்பம் பொதுவாகப் போதும். பான் திருத்தத்துக்கே கூடுதல் நாள்கள் ஆகும். பட்டச் சான்றிதழை மாற்றுவது கடினம். அங்குப் பெயர் வேறுபட்டால், இருவரும் ஒருவரே என்னும் உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன் எழுதி வைத்துக்கொள்வது வழக்கம்.

கையிருப்பு யாருடையது?

ஆஸ்திரேலியா எதிர்பார்க்கும் கையிருப்பு 5,000 ஆஸ்திரேலிய டாலர். அதோடு திரும்பி வரும் பயணச்சீட்டுக்கான தொகையும் இருத்தல் வேண்டும். பிரிட்டன் எதிர்பார்ப்பது 2,530 பவுண்டு. கணக்கின் எளிமைக்காக டாலரை 60 ரூபாய் என்றும் பவுண்டை 120 ரூபாய் என்றும் கொள்வோம். உண்மை விலை நாள்தோறும் மாறும். அப்படிக் கொண்டால் இரண்டுமே ஏறத்தாழ மூன்று லட்சம் ரூபாய்.

இந்த மூன்று லட்சத்தைச் சுற்றி ஒரு சிறு வணிகமே நடக்கிறது. ஒருவர் பத்து நாளைக்கு மூன்று லட்சத்தை உங்கள் கணக்கில் போடுவார். நீங்கள் கிளைக்கு வந்து இருப்புச் சான்றிதழ் வாங்குவீர்கள். பிறகு அவர் வட்டியோடு பணத்தை எடுத்துக்கொள்வார். இதைச் செய்வோர் தாம் தவறு செய்வதாகவே நினைப்பதில்லை. “எல்லோரும் செய்வதுதானே” என்கின்றனர். சான்றிதழில் நாங்கள் எழுதுவது, இன்ன நாளில் இக்கணக்கில் இவ்வளவு இருந்தது என்பதை மட்டுமே. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் விசா அலுவலர் சான்றிதழோடு நிற்பதில்லை. கணக்கு அறிக்கையையும் பார்க்கிறார். ஆறு மாதமாக 4,000 ரூபாயைத் தாண்டாத கணக்கில் ஒரே நாளில் மூன்று லட்சம் வந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று எவருக்கும் கேட்கத் தோன்றும்.

பிரிட்டனின் விதி இதற்கு வழியே வைக்கவில்லை. 2,530 பவுண்டுக்கு இணையான தொகை தொடர்ந்து 28 நாள்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அந்த 28ஆவது நாள், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாள்களுக்குள் அமைய வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் எண்ணிக்கை முறிந்துவிடும். வாடிக்கையாளர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது. தொகை ரூபாயில் இருக்கிறது. விதி பவுண்டில் இருக்கிறது. பவுண்டு விலை உயர்ந்தால், ஒரு ரூபாய்கூட எடுக்காமலே உங்கள் இருப்பு பற்றாக்குறையாகிவிடும். எனவே தேவையான தொகைக்கு மேல் பத்து விழுக்காடேனும் கூடுதலாக வைத்திருங்கள். தானாகப் பிடித்தம் செய்யப்படும் காப்பீட்டுத் தவணை, கைப்பேசிக்கடன் தவணை போன்றவை அக்கணக்கிலிருந்து போகுமாயின், அவற்றை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பங்குகளும் பரஸ்பர நிதியும் மிகைப்பற்று வரம்பும் இங்குப் பணமாகக் கொள்ளப்படா. நிரந்தர வைப்பில் உள்ள தொகையை ஐந்து வாரங்களுக்கு முன்பே சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவைத்தால் கேள்விக்கு இடமிராது; அதனால் இழக்கும் வட்டி பெரிதன்று.

பொய்யான ஆவணம் கண்டுபிடிக்கப்பட்டால் விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு முடிவதில்லை. ஆஸ்திரேலியாவில் மூன்று ஆண்டுகளும், பிரிட்டனில் பத்தாண்டுகள் வரையும் தடை நேரலாம். இருபத்து நான்கு வயதில் பெறும் அந்த முத்திரை, பின்னாளில் மேற்படிப்புக்கோ பணிக்கோ விண்ணப்பிக்கும்போதும் உடன் வரும்.

விசா மறுப்பைவிடக் கவலை தருவது வேறொன்று. கடன் வாங்கிக் காட்டிய மூன்று லட்சம், விசா கிடைத்த அன்றே திரும்பிப் போய்விடுகிறது. அந்த இளைஞர் மெல்போர்னில் இறங்கும்போது கையில் இருப்பது வெறும் முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ. அங்கு அறை வாடகைக்கு எடுக்க நான்கு வார வாடகையை முன்வைப்பாகக் கேட்பது வழக்கம். முதல் ஊதியம் வரச் சில வாரங்கள் ஆகும். கையில் பணமில்லாதவர் முதலில் கிடைக்கும் வேலையை, முதலில் சொல்லும் கூலிக்கு, முதலில் காட்டும் படுக்கையில் தங்கிக்கொண்டு ஏற்க வேண்டியதாகிறது. முறையற்ற முதலாளிகள் தேடுவதும் அத்தகையவரையே. அரசு கேட்கும் 5,000 டாலர் கண்துடைப்புக்கான தொகை அன்று. ‘இந்த வேலை வேண்டாம்’ என்று சொல்லி வெளியேற ஒருவருக்கு வேண்டிய தொகை ஏறத்தாழ அவ்வளவே.

அதனால் இந்தப் பயணத்துக்கு நகைக்கடனோ தனிநபர் கடனோ வாங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. கல்விக்கடன் இதற்குப் பொருந்தாது. செலவுக் கணக்கைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்குக் குலுக்கல் கட்டணம் 1,500 ரூபாய். 2025 ஜூலை 1 முதல் விசாக் கட்டணம் 670 டாலர், அதாவது 40,200 ரூபாய். ஆங்கிலத் தேர்வு, காப்பீடு, விமானச்சீட்டு ஆகியவை தனி. பிரிட்டனுக்கு 2025 ஏப்ரல் கட்டண உயர்வின்படி விசாவுக்கு 319 பவுண்டு, இரண்டாண்டு உடல்நலக் கட்டணம் 1,552 பவுண்டு. இரண்டும் சேர்ந்து 2,24,520 ரூபாய். காசநோய்ப் பரிசோதனை தனி. கையிருப்பையும் சேர்த்தால் விமானத்தில் ஏறுமுன்பே ஐந்தேகால் லட்சம். விசா மறுக்கப்பட்டால் உடல்நலக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். விசாக் கட்டணம் கிடைக்காது. இரண்டாண்டு வேலை செய்து சேர்த்த பணத்தில் செல்பவருக்கு இது தாங்கக்கூடிய செலவு. மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்க, வேலை கிடைக்குமோ என்று தெரியாத ஊருக்குச் செல்பவருக்கு அப்படியன்று.

பணத்தை எடுத்துச் செல்லும் வழி

இங்கு அதிகம் சொல்வதற்கில்லை. ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை எடுத்துச் செல்லலாம். இப்பயணத்தில் அதன் அருகில்கூட யாரும் வரப்போவதில்லை. 2025 ஏப்ரல் 1 முதல், நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கே மூலத்தில் வரி வசூலிக்கப்படுகிறது. முன்பு இந்த வரம்பு 7 லட்சம். கல்வி, மருத்துவம் அல்லாத இத்தகைய தேவைகளுக்குத் தாண்டிய பகுதியில் 20 விழுக்காடு. அதையும் வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். நாணயத்தாள்களாக 3,000 அமெரிக்க டாலருக்கு இணையான தொகை வரை எடுத்துச் செல்லலாம். மீதியை ஃபாரெக்ஸ் அட்டையில் ஏற்றிக்கொள்வது பாதுகாப்பு.

சிறியதாகத் தோன்றும் ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். விசாக் கட்டணத்தைப் பொதுவாக இணையத்தில் அட்டை மூலம் செலுத்த வேண்டும். இந்திய வங்கிகளின் பற்று அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயல்பாக மூடியே இருக்கும். வாடிக்கையாளர் கைப்பேசிச் செயலியில் அதைத் திறந்து, வரம்பையும் உயர்த்திக்கொள்ள வேண்டும். 28ஆவது நாள் இரவு பதினொரு மணிக்கு, “கார்டு ஃபெயில் ஆகிறது” என்று உதவி மையத்தை அழைப்பதைவிட, ஒரு வாரம் முன்பே ஏதேனும் சிறு தொகையில் சோதித்துப் பார்ப்பது எளிது.

புறப்படுமுன் கணக்கின் தகுதியையும் பேசிக்கொள்ளுங்கள். விசாவின் பெயரில் விடுமுறை இருந்தாலும், வேலை செய்யும் நோக்கத்தோடு நாட்டைவிட்டுச் செல்பவர் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி வெளிநாடுவாழ் இந்தியராகக் கருதப்படுவார். அவருடைய சேமிப்புக் கணக்கு என்ஆர்ஓ கணக்காக மாற்றப்பட வேண்டும். அங்குச் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்ஈ கணக்கு தனியே திறக்கலாம். இதற்குக் கிளை மேலாளரிடம் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வங்கியில் பதிவான இந்தியக் கைப்பேசி எண்ணை உயிரோடு வைத்திருங்கள். அது நின்றுவிட்டால் ஓடிபி வராது. ஓடிபி வராவிட்டால் உங்கள் பணத்தையே நீங்கள் தொட முடியாது. ஆஸ்திரேலிய, பிரிட்டன் கைப்பேசி எண்களோடு என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்குகளில் யுபிஐ பயன்படுத்தும் வசதியும் பல வங்கிகளில் வந்துவிட்டது.

அங்கே சென்றபின்

ஆஸ்திரேலிய வங்கியில் கணக்குத் தொடங்க, சென்ற ஆறு வாரங்களுக்குள் கடவுச்சீட்டு ஒன்றே போதும். காலம் கடந்தால் கூடுதல் அடையாளங்கள் கேட்பர். அடுத்தது வரிக்கோப்பு எண். அதை முதலாளியிடம் கொடுக்காவிட்டால் ஊதியத்தில் 45 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படும். கொடுத்தால், 45,000 டாலர் வருவாய் வரை இந்த விசாவில் உள்ளோருக்கு வரி 15 விழுக்காடு. அந்நாட்டுக் குடிமக்களுக்கு உள்ள வரியில்லாத தொடக்க வரம்பு இவர்களுக்கு இல்லை. முதல் டாலரிலிருந்தே வரி.

2025 ஜூலை 1 முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர், 38 மணி நேர வாரத்துக்கு 948 டாலர். நிலையான பணியில்லாத தற்காலிக ஊழியருக்கு மணி ஊதியத்தில் 25 விழுக்காடு கூடுதல். தோட்டங்களில் கூடைக் கணக்கில் கூலி பேசினாலும், 2022 ஏப்ரல் 28 முதல் மணிக்கணக்கில் ஒரு குறைந்தபட்சத் தொகையை முதலாளி கொடுத்தே தீர வேண்டும். வரி போக வாரத்துக்கு 806 டாலர் அளவில் கையில் நிற்கும். இதை ரூபாயாக்கிப் பார்த்து மயங்குவது இயல்பு. வாடகையும் உணவும் பேருந்தும் டாலரில்தான் போகும் என்பதையும், வேலையில்லாத வாரங்களும் உண்டு என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊதியச்சீட்டு இல்லாமல் கையில் பணமாகத் தருவோரிடமும், ‘ஏபிஎன் எண் எடுத்து வாருங்கள்’ என்று சொல்வோரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ஏபிஎன் என்பது சொந்தத் தொழில் செய்வோருக்கான எண். அதை வைத்து ஊழியரை ஒப்பந்ததாரராகக் காட்டினால் குறைந்தபட்ச ஊதியமும் ஓய்வூதியப் பங்களிப்பும் கொடுக்காமல் தப்பலாம் என்பது சிலரின் கணக்கு. ஊதியம் தந்த அடுத்த ஒரு வேலைநாளுக்குள் ஊதியச்சீட்டு தர வேண்டும் என்பது அங்குச் சட்டம். இரண்டாம் ஆண்டு விசாவுக்குச் செய்த வேலையை மெய்ப்பிக்கவும் அந்தச் சீட்டுகளும் வங்கிக் கணக்கு அறிக்கையுமே சான்று. முறையீடுகளை ஃபேர் வொர்க் ஒம்புட்ஸ்மன் என்னும் அரசு அமைப்பு கேட்கிறது. தமிழில் பேச விரும்பினால் மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார்.

மருத்துவத்தில் இரு நாடுகளுக்கும் வேறுபாடு உண்டு. பிரிட்டனில் உடல்நலக் கட்டணம் செலுத்தியவர் அந்நாட்டுப் பொது மருத்துவச் சேவையைப் பயன்படுத்தலாம். ஆஸ்திரேலியாவின் மெடிகேர் இந்தியப் பயணிகளுக்கு இல்லை. காப்பீடு எடுக்காமல் செல்வது, மூன்று லட்சத்தையும் ஒரே எலும்பு முறிவில் பந்தயம் வைப்பது போன்றது. பணியிட விபத்து, பயிர்த்தோட்ட வேலை ஆகியவை பாலிசியில் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். சுற்றுலாப் பயணிக்கான மலிவான பாலிசிகள் பல, வேலை செய்யும்போது நேரும் காயத்தை ஏற்பதில்லை.

திரும்பி வந்தபின் செய்ய வேண்டியவை இரண்டு. மீதமுள்ள வெளிநாட்டு நாணயத்தில் 2,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்டதை 180 நாள்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். மற்றொன்று, பலர் மறந்துவிடும் ஓய்வூதியப் பங்களிப்பு. ஆஸ்திரேலிய முதலாளி ஊதியத்துக்கு மேல் 12 விழுக்காட்டை ‘சூப்பர்’ நிதியில் செலுத்துகிறார். விசா முடிந்து நாட்டைவிட்டு வெளியேறியபின் அதைக் கேட்டுப் பெறலாம். ஆனால் இந்த விசாவில் இருந்தோருக்கு அதில் 65 விழுக்காடு வரி. முழு நேரம் ஓராண்டு உழைத்தவர் கணக்கில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட டாலர் சேர்ந்திருந்தால், கைக்கு வருவது ஏறத்தாழ 2,000. ரூபாயில் ஒரு லட்சத்துக்கு மேல். விண்ணப்பத்தை இந்தியாவிலிருந்தே இணையத்தில் அளிக்கலாம். அதற்கு நிதியின் பெயரும், உறுப்பினர் எண்ணும், வரிக்கோப்பு எண்ணும் வேண்டும். ஒவ்வொரு முதலாளியும் வெவ்வேறு நிதியில் செலுத்தியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே. ஆறு மாதத்துக்குள் கேட்காவிட்டால் அத்தொகை அந்நாட்டு வரி அலுவலகத்துக்கு மாற்றப்படும். அதன் பிறகு அந்த அலுவலகத்திடமே விண்ணப்பிக்க வேண்டும்.